அண்ணன் மனைவி தைத்த கோட்

“எஃபி தச்சதையே போட்டுக்கறேன்.”

போன சனிக்கிழமை மதியம், தட்டிலிருந்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்தபடி, உப்பை எடு என்று சொல்கிற மாதிரி அம்மா சொன்ன வார்த்தை இது. ரோனா கெட்டிஸ் அதை ஒரு வாரமாக மென்றுகொண்டிருந்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

டண்டீ ஊரில் தனித்தனியாகப் பட்டறை போட்டு, தனித்தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்த ஆறு உடை வடிவமைப்பாளர்கள் இந்த இலையுதிர் காலத்தில் ஒன்றாகச் சேர்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே காட்சி. புதுத் துணி ஒரு முழம்கூட வாங்கக்கூடாது. ஒருவர் வெட்டி மிஞ்சியதை இன்னொருவர் எடுத்துத் தைக்கவேண்டும். கடையில் தொங்குகிற உடை யாருக்குப் பொருந்தாதோ, அவர்தான் இந்தப் புது உடைகளை உடுத்தி வரவேண்டும்.

யாருக்கு யாருடைய மிச்சத் துணி மூட்டை என்று சீட்டுப் போட்டார்கள். ரோனாவின் மூட்டை எஃபிக்கு விழுந்தது.

எஃபி அண்ணன் ஸ்ட்ரூவனின் மனைவி. ஆர்ப்ரோத்திலிருந்து வந்தவள், படித்துப் பட்டம் வாங்கிய வடிவமைப்பாளர். ஸ்ட்ரூவனோ கல்யாணத்துக்கு வெகு முன்பிருந்தே தங்கையின் பட்டறையில் துணி வெட்டுகிறவன். பகலில் ரோனாவுக்கு வெட்டினான். இப்போது சாயங்காலங்களில் பெண்டாட்டிக்கும் வெட்டினான். அதையாவது ரோனா பொறுத்துக்கொண்டாள்.

அம்மா விஷயம் அப்படியில்லை. பக்கவாதம் வந்து அம்மா நெட்டாவின் இடது கை தொங்கிப்போனதிலிருந்து அவளுக்குத் தினமும் உடுத்திவிடுவது ரோனாதான். அம்மாவுக்காகவே அகலமான கை வைத்து, வழுக்கிக்கொண்டு போகும் லைனிங் வைத்து அவளும் ஒரு கோட் தைத்திருந்தாள். நெட்டா இரண்டையும் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

இன்றைக்குத்தான் காட்சி.

*

காலையில் ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்து தெருவையே விழுங்கியிருந்தது. ரோனா வழக்கம்போல அம்மாவின் வீட்டுக்குப் படியேறினாள். சாவியைப் போட்டுத் திறந்தாள். அடுப்பில் கெட்டில் ஏற்கெனவே ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

நெட்டா சமையலறை நாற்காலியில் முழுசாக உடுத்தி உட்கார்ந்திருந்தாள். கருநீல ஸ்வெட்டர், பாவாடை, காலுறை எல்லாம் போட்டாகிவிட்டது.

“யார் வந்தா?” என்றாள் ரோனா.

“ஏன், யாராவது வந்திருக்கணுமா?”

“ஸ்வெட்டர் யார் போட்டுவிட்டா?”

“நானேதான். மேசைமேல விரிச்சு வெச்சு, முதல்ல செத்த கைய நுழைச்சு, அப்பறம் தலைய. அரை மணி ஆச்சு. நடுவுல கழுத்து மாட்டிக்கிச்சு. மாட்டிக்கிட்டே ரேடியோல செய்தி முழுசும் கேட்டேன்.”

முப்பது வருடம் பஸ் ஓட்டியவள் நெட்டா. குடித்துவிட்டு ஏறியவனை ஒரு பார்வையில் இறக்கிவிட்டவள். கை போன பிறகும் குரல் போகவில்லை.

“எனக்காகக் காத்திருந்திருக்கலாமே,” என்றாள் ரோனா.

“தினமும் காத்துட்டுத்தானே இருக்கேன். நீ வர்ற வரைக்கும் நைட்டியோட ஜன்னலையே பாத்துட்டு.”

குற்றம் சொல்கிற தொனியில் அவள் சொல்லவில்லை. இருந்தாலும் ரோனாவுக்கு முகம் சுருங்கியது. இந்தக் காலை நேரம்தான் அவளுக்கென்று இருந்த ஒன்று. விவாகரத்துக்குப் பிறகு வீடு காலியாகிவிட்டது. பட்டறையில் ஸ்ட்ரூவனும் இப்போது கடிகாரத்தைப் பார்க்கிறான். அம்மாவின் கையைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைக்கிற அந்தச் சில நிமிஷங்களில் மட்டும் தன்னை விட்டால் இங்கே யாருமில்லை என்று அவளுக்குத் தோன்றும்.

“முடியாவது சீவி விடறேன்.”

“சீவிட்டேன். பின்னால எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு.”

பின்னால் நன்றாகத்தான் இருந்தது. ரோனா அப்படியே சொன்னாள். தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

*

காட்சி நடக்கிற இடம் பழைய சணல் ஆலை. மெஷின்களெல்லாம் எப்போதோ போய், நீளமான தளமும் உயரமான ஜன்னல்களும் மட்டும் மிச்சம். இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு நடுவே நடக்க வழி விட்டிருந்தார்கள். மேடை கிடையாது. சக்கர நாற்காலி ஏற முடியாத எதுவும் வேண்டாம் என்று ஆறு பேரும் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

இஸ்திரி மேசை ஆறு பேருக்கும் பொது. நூல் பெட்டியும் பொது. பழைய கூடாரத் துணியில் மழைச்சட்டை தைக்கிற டூகி எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“வா ரோனா. உன் அண்ணன் பெண்டாட்டி ஒண்ணு தச்சிருக்கா பாரு. நான் கடையை மூடிட்டு மீன் பிடிக்கப் போயிடலாம்னு இருக்கேன்.”

“ரொம்ப நல்லது. மீனாவது உன்கிட்ட மாட்டட்டும்,” என்றாள் ரோனா. டூகி சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தனி ஹேங்கரில் தொங்கியது அந்தக் கோட்.

ரோனா அதைத் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பாசிப் பச்சைக் கம்பளி, அவளுடையது. காலிசெய்த வீடு ஒன்றிலிருந்து அவளே தோளில் சுமந்து வந்தது. உள்ளங்கை அளவு, கட்டைவிரல் அளவு என்று மிஞ்சிய துண்டுகளைத்தான் மூட்டையில் போட்டிருந்தாள். அவற்றை எஃபி சாய்வாக ஒன்றோடொன்று சேர்த்திருந்தாள். மழை பெய்து ஓய்ந்த மலைச்சரிவு போலிருந்தது. கம்பளியின் ஓரத்தில் வரும் பட்டுப் பட்டையை ரோனா எப்போதும் வெட்டி எறிவாள். அதையே எஃபி மெல்லிய கரையாகக் கழுத்தைச் சுற்றி ஓடவிட்டிருந்தாள்.

மோசமாக இருந்திருந்தால் மன்னித்திருக்கலாம். ஓர் இடத்திலாவது தையல் இழுத்திருக்கிறதா என்று விரலால் தடவித் தேடினாள். இல்லை.

“பிடிச்சிருக்கா?”

பின்னால் எஃபி நின்றிருந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப், தலையில் பென்சில். ராத்திரி தூங்காத கண்கள்.

“நல்லாயிருக்கு,” என்றாள் ரோனா.

“இந்தக் கையைப் பாரு.” எஃபி இடது கையின் வெளிப்பக்கத்தை விரலால் பிரித்தாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை தையல் இருக்கவேண்டிய இடம் அப்படியே வாய் பிளந்தது. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னக் காந்தங்கள். “கோட்டைத் தோள்ல போட்டுக்கணும். வலது கைய விட்டுக்கணும். இடது கைய நுழைக்கவே வேண்டாம். இப்படிச் சுத்தி மூடினா அதுவே ஒட்டிக்கும். யாரும் பிடிக்க வேண்டாம்.”

டக், டக், டக் என்று காந்தங்கள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன.

“எப்படித் தோணிச்சு உனக்கு?”

“எனக்கு எங்க தோணிச்சு? எல்லாம் நெட்டாதான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வந்து உக்காந்து, இது இழுக்குது, இது எட்டலன்னு திட்டிட்டே இருப்பாங்க. எத்தனை தடவை பிரிச்சேன்னு எனக்கே நினைவில்ல.”

“செவ்வாய்க்கிழமையா?”

எஃபியின் முகம் மாறியது. ரோனாவுக்குத் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை அம்மா பிங்கோ ஆடப் போவாள். வசந்த காலத்திலிருந்து அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். “இன்னிக்கு ஜெயிச்சியாம்மா” என்று ரோனா கேட்பதும், “அந்த நம்பர் கூப்பிடறவனுக்குக் கண்ணு தெரியல” என்று அம்மா அலுத்துக்கொள்வதும் வாராவாரம் நடக்கும்.

“உனக்குச் சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன்,” என்றாள் எஃபி மெதுவாக.

“சொன்னாங்க, சொன்னாங்க. மறந்துட்டேன்,” என்றாள் ரோனா.

அந்த நேரம் ஸ்ட்ரூவன் தளத்தின் மறுகோடியிலிருந்து கூப்பிட்டான். “எஃபி, இந்த விளக்கு எங்க வேணும்?” எஃபி ரோனாவின் கையை ஒரு முறை தொட்டுவிட்டு ஓடினாள். விளக்கைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒரு காலத்தில் அண்ணன் அப்படி ரோனாவோடு சிரித்திருக்கிறான். பட்டறை ஆரம்பித்த புதிதில் குளிருக்கு இருவரும் விற்கவேண்டிய கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெட்டுவார்கள், அப்போது.

அண்ணனை எடுத்துக்கொண்டாள். அம்மாவை எடுத்துக்கொண்டாள். தான் வெட்டி எறிந்ததைக்கூட எடுத்து, தன்னால் முடியாத ஒன்றைச் செய்து காட்டிவிட்டாள்.

இஸ்திரி மேசைப் பக்கம் யாருமில்லை.

ரோனாவின் சட்டைக் காலரில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும். பொது நூல் பெட்டியில் பாசிப் பச்சை நூலும் இருந்தது. அவள் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். யாராவது கேட்டால் பிரிந்த இடத்தைச் சரிசெய்கிறேன் என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத தையலில் ரோனாவை மிஞ்ச ஆளில்லை என்று ஆறு பேருமே சொல்வார்கள். காந்தங்களுக்கு நடுவே ஊசி உள்ளே போயிற்று, வெளியே வந்தது. தோளிலிருந்து முழங்கை வரை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. எஃபி திறந்துவைத்த வாயை ரோனா மூடினாள்.

அம்மா கோட்டுக் கையை விரித்துப் பார்ப்பாள், வராது. சுற்றும் முற்றும் பார்ப்பாள். அப்போது நான் போவேன். அதைத் தாண்டி அவள் யோசிக்கவில்லை. கடைசியில் முடிச்சுப் போடாமல் விட்டால், வேண்டும்போது ஒரே இழுப்பில் உருவிவிடலாம் என்றுதான் நினைத்தாள். பழகிய கை தானாக முடிச்சும் போட்டுவிட்டது.

*

மதியம் டூகி ஒரு பெட்டி நிறைய இறைச்சி அடைத்த பணியாரங்களை வாங்கி வந்தான். எஃபி தன்னுடையதை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை ரோனாவிடம் நீட்டினாள்.

“காலைல நீ ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டேன்னு ஸ்ட்ரூவன் சொன்னான்.”

“எனக்குப் பசியில்ல.”

“சாப்பிடு. அந்தப் பச்சைக் கம்பளிய வெட்டறதுக்கு எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா? உன் துணி. கெடுத்துட்டா நீ என் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு ஸ்ட்ரூவன்கிட்ட புலம்பிட்டே இருந்தேன்.”

சூடான மாவு விரலைச் சுட்டது. சொல்லிவிடலாமா என்று ரோனாவுக்கு ஒரு கணம் தோன்றியது. எஃபி, அந்தக் கோட்டைக் கொஞ்சம் கொண்டு வா, ஒரு தையல் தப்பாப் போச்சு. இவ்வளவு சொன்னால் போதும்.

வாசலில் டாக்சி சத்தம் கேட்டது. நெட்டா வந்துவிட்டாள். உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள். பல வருடமாக ரோனா பார்க்காத சிவப்பு. கோலை ஊன்றி, இடது காலை லேசாக இழுத்தபடி உள்ளே வந்தவள் முதலில் கூப்பிட்ட பெயர் “எஃபி” என்பதுதான்.

“எஃபி, கண்ணு, இந்தச் சாயம் ஜாஸ்தியாத் தெரியுதா?”

“சூப்பரா இருக்கு நெட்டா. பின் வரிசை வரைக்கும் தெரியணுமில்ல?”

ரோனா கையிலிருந்ததை மேசையில் வைத்தாள்.

பிறகு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். நாற்காலிகள் நிறைந்தன. மனசு கேட்காமல் அவள் இஸ்திரி மேசைக்குத் திரும்பிப் போனபோது ஹேங்கர் காலியாக இருந்தது. கோட்டை வாசல் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள்.

*

டூகியின் மழைச்சட்டை முதலில் வந்தது. மற்றவர்களின் மார்பளவே உயரமுள்ள ஒரு மனிதர் அதைப் போட்டுக்கொண்டு, கழுத்து மடிப்பை நிமிர்த்திவிட்டு, ராஜா மாதிரி நடந்தார். சக்கர நாற்காலியில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள்; உட்கார்ந்தால் சுருங்காத பாவாடை. அம்மாவுக்காகத் தைத்த ரோனாவின் கோட்டை, பக்கத்து வீட்டு பாம் என்பவள் போட்டுக்கொண்டு வந்தாள். பாம் பெரிய உடம்புக்காரி. “எனக்குன்னே தச்ச மாதிரி இருக்குடீ” என்று காலையிலிருந்து பத்துப் பேரிடமாவது சொல்லியிருந்தாள். கைதட்டல் நன்றாகவே விழுந்தது. ரோனாவின் காதில் அது ஏறவில்லை.

கடைசியாக நெட்டா.

பழைய கருநீல ஸ்வெட்டரோடு நடுவழியில் வந்து நின்றாள். கோட் வலது தோளில் கிடந்தது. கோலை ஓரத்து நாற்காலியில் இருந்த ஒருவரிடம் கொடுத்து, “பிடிச்சுக்கோ, தொலைச்சுடாதே” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

கோட்டைத் தோளில் சுற்றினாள். வலது கை உள்ளே போயிற்று. இடது கைப் பக்கத்தைப் பிடித்து விரித்தாள்.

விரியவில்லை.

மறுபடி இழுத்தாள். காந்தம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து உதறினாள். ஓரத்தைப் பல்லில் கடித்து இழுத்தாள். உதட்டுச் சாயம் பச்சைத் துணியில் பட்டது. சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. உயிரில்லாத கை பக்கத்தில் தொங்க, கோட்டின் காலிக் கை அதன் பின்னால் தொங்க, இத்தனை பேர் பார்க்க அம்மா நின்றாள்.

அம்மாவின் கழுத்து சிவந்து வருவதை ரோனா பார்த்தாள். அவள் எதிர்பார்த்தது இது இல்லை. இதையா எதிர்பார்த்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்திருப்பாள்.

எஃபி எழுந்தாள். நெட்டா அவளை ஒரு பார்வையில் உட்காரவைத்தாள். பிறகு துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ரோனா,” என்றாள். சத்தமாக இல்லை. ஒரு காலத்தில் பஸ்ஸின் பின்சீட்டு வரை கேட்ட அதே குரல். “கத்தரிக்கோல் எடுத்துட்டு இங்க வா.”

ரோனா நடந்தாள். அந்தத் தளம் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போவது போலிருந்தது. அம்மாவின் தோள் பக்கம் குனிந்து தன் தையலைத் தேடினாள். அவளுக்கே சட்டென்று கண்ணில் படவில்லை.

“கை நடுங்குது,” என்றாள் நெட்டா உதட்டை அசைக்காமல். “தைக்கறப்ப நடுங்கலயா?”

ரோனா முடிச்சை வெட்டினாள். நூலை உருவினாள். மணிக்கட்டு, முழங்கை, தோள். கோட்டுக் கை மறுபடி வாய் திறந்தது.

“சரி. தள்ளிக்கோ.”

நெட்டா தன் வலது கையால், தானே, பிறர் விரல் படாமல், பச்சைத் துணியை இடது கையின்மேல் சுற்றி மூடினாள். டக், டக், டக். அந்த அமைதியில் கடைசி வரிசைக்கும் கேட்டது. கழுத்துக் கரையை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

ஒருவர் எழுந்து தட்டினார். பிறகு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் அழுதுகொண்டே தட்டினாள். மூடிக்கிடந்த கோட்டுக் கையை மகள் வெட்டித் திறந்ததும், அம்மா தானே உடுத்திக்கொண்டதும் காட்சியின் பகுதி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

எஃபி மட்டும் தட்டவில்லை. தரையில் கிடந்த பச்சை நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

“அது யாரோட யோசனை?”

எடின்பரோவிலிருந்து வந்திருந்த பெரில் கேட்டாள். சின்ன வடிவமைப்பாளர்களின் உடைகளை மட்டும் விற்கிற கடைக்காரி. துணிகள் தொங்கிய பின்கட்டில் நெட்டா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, எஃபி, ஸ்ட்ரூவன், ரோனா மூவரும் சுற்றி நின்றார்கள்.

“தச்சு மூடி வெச்சு, எல்லார் முன்னாடியும் வெட்டித் திறக்கறது. இத்தனை வருஷத்துல நான் இப்படி ஒண்ணு பாத்ததில்ல. கடைல கிடைக்கற துணி எல்லாம் எனக்கு இப்படித்தான் மூடிக் கெடக்குன்னு ஒரு வார்த்தை பேசாம சொல்லிட்டாங்க. யாருக்குத் தோணிச்சு?”

எஃபி ரோனாவைப் பார்க்காமல் சொன்னாள். “ரோனாவோட யோசனை.”

“அப்படியா? அடுத்த மாசம் எங்க கடைல இதே மாதிரி பண்ணணும். அப்படியே. ஒண்ணும் மாத்தக்கூடாது. அம்மா, மக, கத்தரிக்கோல்.” பெரில் நெட்டா, ரோனா இருவரின் கையையும் பிடித்துக் குலுக்கினாள். “அந்தத் தையல் வெளில தெரியவே இல்லையே. அதை யார் போடறது?”

“அதுவும் ரோனாதான்,” என்றாள் எஃபி. “அவ மாதிரி யாராலயும் போட முடியாது.”

குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. அதைத்தான் ரோனாவால் தாங்க முடியவில்லை. பெரில் டூகியைத் தேடிக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்ட்ரூவன் எஃபி, ரோனா இருவர் தோளிலும் கை போட்டான். “பாத்தீங்களா? நீங்க ரெண்டு பேரும் சேந்தா எப்படி இருக்கும்னு எத்தனை நாளாச் சொல்றேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. நான் நெசமாவே பயந்துட்டேன், ரோனா.”

கோட்டின் பேரும் எஃபிக்கு. இப்போது தன் நாத்தனாரைக் காப்பாற்றின பேரும் எஃபிக்கு. இனி ஆயுசு முழுக்க, மேசையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல், நல்லவளாகவே இருப்பாள். ரோனாவின் காது மடல் எரிந்தது.

“அது யோசனையும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றாள். “காலைல யாரும் பாக்காதப்ப தச்சேன். அம்மாவால போட முடியக்கூடாதுன்னுதான் தச்சேன்.”

“ரோனா, வேண்டாம்,” என்றாள் எஃபி.

“நீ சும்மா இரு. உன் தயவு எனக்கு வேண்டாம்.”

ஸ்ட்ரூவனின் கை அவள் தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. அவன் மனைவியைப் பார்த்தான். “உனக்குத் தெரியுமா?”

“நூலைப் பாத்தேன்.”

அவன் தங்கை பக்கம் திரும்பினான். கத்துவான் என்று ரோனா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

“எஃபி மேல உனக்குக் கோபம், அது எனக்குப் புரியுது,” என்றான். “அம்மாவையா, ரோனா? அத்தனை பேர் முன்னாடி, அம்மாவையா?”

“நீங்க ரெண்டு பேரும் போய் வண்டிய எடுங்க,” என்றாள் நெட்டா. “எனக்கு இவகிட்ட பேசணும்.”

அவர்கள் போனார்கள். போகும்போது எஃபி மாமியாரின் கோலை எடுத்து நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள்.

நாள் முழுக்க ரோனா ஏங்கியது இதற்குத்தான். அம்மாவும் அவளும் மட்டும், நடுவில் யாரும் இல்லாமல். இப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

“உன் கோட் நல்ல கோட்தான்,” என்றாள் நெட்டா. “அதை இன்னொருத்தர் போட்டுவிடணும். உனக்கு வசதியாத் தச்சிருந்த. எனக்கு வசதியா இல்ல. இதை உங்கிட்ட நேரா சொல்லியிருக்கணும். பிங்கோன்னு பொய் சொன்னது என் தப்பு. சொன்னா நீ அழுவேன்னு தெரியும். அதான் சொல்லல.”

“அம்மா…”

“நான் முடிச்சுக்கறேன். ஸ்ட்ரூவன் வீட்டுல கீழ் அறை காலியா இருக்கு. படி ஏற வேண்டாம். வந்து இருங்கன்னு எஃபி கோடைலயிருந்து கேக்கறா. நான் மாட்டேன்னு சொல்லிட்டே வந்தேன். ஏன் தெரியுமா? காலைல நீ வர்றதுக்கு ஒரு வீடு வேணுமேன்னு. என் கைக்காக இல்ல. உனக்காக.”

ரோனா நிமிர்ந்து பார்த்தாள்.

“நேத்து ராத்திரியும் மாட்டேன்னுதான் சொன்னேன்,” என்றாள் நெட்டா. “இன்னிக்கும் கேப்பா. வண்டில ஏறின உடனே கேப்பா.”

“என்ன சொல்லப் போற?”

நெட்டா கோலை ஊன்றி எழுந்தாள். ரோனாவின் கை தானாக முன்னால் நீண்டது. அம்மா அதைப் பார்த்தாள், பிடித்துக்கொள்ளவில்லை. இடது காலை இழுத்தபடி, பாசிப் பச்சைக் கோட்டோடு, வாசலைத் தாண்டி வெளியே போனாள்.

மூடுபனி இன்னும் விலகவில்லை. பட்டறையின் சின்ன வேன் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. முன்சீட்டில் மூன்று பேருக்குத்தான் இடம். எஃபி நடுவில் நகர்ந்து உட்கார்ந்து கதவைத் திறந்துவிட்டாள். நெட்டா ஏறிக்கொண்டாள்.

வாசலில் நின்ற ரோனா கண்ணாடிக்குப் பின்னால் எஃபியின் வாய் அசைவதைப் பார்த்தாள். ஏதோ கேட்கிறாள். அம்மா தலையைத் திருப்பிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி, கொஞ்ச நேரம் யோசிப்பது தெரிந்தது. பிறகு அவள் ஏதோ சொன்னாள். ஸ்ட்ரூவன் ஆச்சரியத்தோடு குனிந்து அம்மாவைப் பார்த்தான்.

வேன் கிளம்பித் தெருவில் திரும்பியது. அதன் பக்கவாட்டில், பட்டறை ஆரம்பித்த வருடம் ஸ்ட்ரூவன் தன் கையாலேயே வெள்ளைச் சாயத்தில் எழுதிய பெரிய எழுத்துகள்: ரோனா கெட்டிஸ். அந்தப் பெயர் அவளைக் கடந்து பனிக்குள் போய் மறைந்தது.